ஸ்கேன் எடுக்காமலே கை நடுக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. ஐந்தாறு வருஷமாகவே காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். போன மாதம் வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக்கைத் திருப்பிவிட்டார்கள். பயந்துபோய் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். கையை நீட்டச் சொன்னார், பேப்பரில் சுருள் வரையச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் "இது எசென்ஷியல் ட்ரெமர், பார்க்கின்சன் இல்லை" என்று சொல்லி, தைராய்டு டெஸ்ட் மட்டும் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் வேண்டாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். இதை நம்பலாமா?

பதில்:

நம்பலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த டாக்டர் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார். எசென்ஷியல் ட்ரெமர் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற ஸ்கேனும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் வயதுக்கேற்ற சாதாரண மூளைதான் தெரியும். கை எந்த நிலையில் நடுங்குகிறது, எந்த நிலையில் அடங்குகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் இதைச் சொல்ல முடியும். நான் பல வருஷமாக நடுக்க நோயாளிகளைப் பார்த்துவருகிற நரம்பியல் மருத்துவன். அந்த அரை மணி நேரத்தில் உங்கள் கண் முன்னால் நடந்தது என்ன என்பதை விளக்குகிறேன். தெரிந்துகொண்டால் அடுத்த தடவை போகும்போது நீங்களும் கூட இருந்து உதவலாம்.

முதலில் பெயரைப் பற்றி. தமிழில் நடுக்குவாதம், உதறுவாதம் என்று சொன்னால் அது பார்க்கின்சன் நோயைக் குறிக்கிறது. அதனால் கை நடுங்கினாலே "நடுக்குவாதமாம்" என்று பக்கத்து வீட்டார் சொல்ல, வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. எசென்ஷியல் ட்ரெமர் வேறு நோய். சில இடங்களில் இதை "அத்தியாவசிய நடுக்கம்" என்று மொழிபெயர்த்து எழுதுகிறார்கள். அகராதியைப் பார்த்துச் செய்த வேலை. இங்கே எசென்ஷியல் என்றால் வேறு எந்த நோயின் விளைவாகவும் வராமல் தானாகவே நிற்கிற நடுக்கம் என்று பொருள். ரத்தக் கொதிப்பிலும் இதே சொல்லை இதே பொருளில்தான் வைத்திருக்கிறோம். 65 வயதைத் தாண்டியவர்களில் 100 பேருக்கு நாலைந்து பேரிடம் இது இருக்கும். பார்க்கின்சனைவிட இதுவே அதிகம்.

பரிசோதனை, அப்பா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேள்விகளில் தொடங்கிவிடுகிறது. எப்போது ஆரம்பித்தது? ஒரு கையா, இரண்டு கையுமா? மெதுவாக வந்ததா, ஒரே நாளில் வந்ததா? எசென்ஷியல் ட்ரெமர் வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும். நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை நடுங்கினால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். 2018-ல் சர்வதேச பார்க்கின்சன் மற்றும் இயக்கக் கோளாறு சங்கத்தின் நிபுணர் குழு வகுத்த வரையறையில், இரண்டு கைகளிலும் வேலை செய்யும்போது வருகிற நடுக்கம் குறைந்தது 3 வருஷமாவது இருக்க வேண்டும், வேறு நரம்புக் கோளாறின் அறிகுறி இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த 3 வருஷம் எதற்கு என்றால், ஆரம்பத்தில் வெறும் நடுக்கமாகத் தெரிகிற பார்க்கின்சனோ டிஸ்டோனியாவோ (தசைகள் தாமாக இறுகி உடம்பை முறுக்குகிற கோளாறு) அதற்குள் தன் முகத்தைக் காட்ட வாய்ப்பு உண்டு. உங்கள் அப்பாவுக்கு ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது என்பது அந்த டாக்டரின் முடிவுக்குப் பலம் சேர்க்கிற விஷயம்.

அடுத்த கேள்வி குடும்பத்தைப் பற்றி. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்பா, அத்தை, தாத்தா என்று யாருக்காவது இதே நடுக்கம் இருந்திருக்கும். ஆனால் "யாருக்காவது எசென்ஷியல் ட்ரெமர் இருந்ததா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "தாத்தா காபி குடிக்கும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பாரா? பாட்டிக்குத் தலை லேசாக ஆடுமா?" என்று கேட்டால் "ஆமாம் டாக்டர், அது வயசு நடுக்கம்தானே" என்பார்கள். அறுபது வயதுக்கு மேல் நடுக்கத்தோடு நடையிலும் தள்ளாட்டம் இருக்கிற ஆண் வந்தால், மகள் வயிற்றுப் பேரன் யாருக்காவது அறிவு வளர்ச்சிக் குறைபாடு உண்டா என்றும் கேட்பேன். ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணு மாற்றத்தை லேசான அளவில் சுமக்கிற தாத்தாவுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். அதுவே மகள் வழியாகப் பேரனிடம் போகும்போது பெரிதாகி வளர்ச்சிக் குறைபாடாகத் தெரியும். குடும்பத்தில் யாரும் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்திருக்க மாட்டார்கள்.

மதுவைப் பற்றியும் கேட்போம். கொஞ்சம் குடித்தால் நடுக்கம் அடங்குகிறது என்று எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொல்வார்கள். இதை மனைவி, மருமகள் முன்னால் கேட்டால் "அந்தப் பழக்கமே கிடையாது சார்" என்பதுதான் பதில். அதனால் தனியாகக் கேட்பேன். குடிக்காதவரிடம் கேட்பதில் பயன் இல்லை. இதைச் சோதித்துப் பார்க்கவென்று யாரும் குடிக்கவும் வேண்டாம். இன்னொன்று: கை நடுங்கினால் குடிகாரன் என்று முத்திரை குத்துகிற ஊர் நம்முடையது. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத ஆட்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கையை மடியில் ஒளித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போகிறார்கள். அவர்கள் அதைச் சொல்லும்போது குரல் உடைவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

இப்போது மருந்துப் பை. என்னைக் கேட்டால் முழுப் பரிசோதனையில் அதிகம் பேருக்குப் பலன் தருகிற இடம் இதுதான். வருகிறவரிடம் "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் பிரஷர், சுகர் என்று இரண்டைச் சொல்வார். பையைக் கவிழ்த்தால் எட்டு அட்டை விழும். ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால், தியோஃபிலின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநோய்க்கான லித்தியம், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் எசென்ஷியல் ட்ரெமர் போலவே கையை நடுங்க வைக்கும். நம் ஊரில் இதைவிட அதிகம் கண்ணில் படுவது வேறு ஒன்று. வாயு, நெஞ்செரிச்சல் என்று போனால் ஆசிட் மாத்திரையோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூல் எழுதுகிறார்கள். தலைசுற்றலுக்கு சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளுனரிசின். இவற்றை மாதக்கணக்கில், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் பார்க்கின்சனையே நகல் எடுத்தது போல் நடுக்கமும் இறுக்கமும் வரும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும், ஆனால் அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அப்பாவின் மருந்துப் பையை இன்றே கவிழ்த்துப் பாருங்கள். இந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கேள்விகள் முடிந்து கையைப் பார்க்கிற கட்டம். முதலில் இரண்டு கைகளையும் தொடையில் தளர்வாக வைக்கச் சொல்லி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்வோம். கணக்குத் திறமையைச் சோதிக்க இல்லை. மனம் வேறு வேலையில் இருக்கும்போது பார்க்கின்சன் நடுக்கம் ஓய்ந்திருக்கிற கையில் வெளியே வரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல் அசையும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முதலில். எசென்ஷியல் ட்ரெமர் கை அப்போது சும்மா கிடக்கும்.

பிறகு கைகளை முன்னால் நீட்டச் சொல்வோம். இங்கே கவனிக்க வேண்டியது நேரம். எசென்ஷியல் ட்ரெமரில் கை நீண்ட உடனே நடுக்கம் தொடங்கிவிடும். பார்க்கின்சனில் கை நீட்டியதும் சில நொடி அமைதி, அதன் பிறகு மெல்ல நடுக்கம் தலைதூக்கும். அவசரத்தில் பார்க்கிறவர் இந்த இடைவெளியைத் தவறவிட்டு இரண்டும் ஒன்று என்று எழுதிவிடுவார். அடுத்து முழங்கையை மடக்கி, விரல் நுனிகளை மோவாய்க்குக் கீழே எதிரெதிராக, தொடாமல் வைத்து 20 நொடி நிறுத்தச் சொல்வோம். பறவை இறக்கையை விரித்தது போல இருக்கும். நீட்டிய கையில் ஒளிந்திருக்கிற நடுக்கம் இதில் பலருக்கு வெளிப்படும். பிறகு மூக்கைத் தொட்டு என் விரலைத் தொடச் சொல்வோம். விரலை நெருங்க நெருங்க நடுக்கம் மிகவும் பெரிதாகி, குறியும் தவறினால் சிறுமூளையில் கோளாறா என்று யோசிப்போம்.

என் மேஜையில் எப்போதும் இரண்டு எவர்சில்வர் டம்ளர் உண்டு. ஒன்றில் முக்கால் அளவு தண்ணீர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றச் சொல்வேன். முதலில் வலது கை, பிறகு இடது கை. விளிம்பும் விளிம்பும் மோதி டிங் டிங் டிங் என்று சத்தம் வரும், தண்ணீர் ரப்பர் விரிப்பில் தெறிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, "வீட்ல தினமும் இதாங்க டாக்டர்" என்று மனைவிமார் சொல்வார்கள்.

சுருள் வரைவது ஏன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நடுவிலிருந்து வெளியே விரியும் சுருளை, மணிக்கட்டும் முழங்கையும் மேஜையில் படாமல் வரைய வேண்டும். கையை ஊன்றிக்கொண்டால் நடுக்கம் மறைந்துவிடும், பல ஓ.பி.க்களில் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமலேயே வரையவிடுகிறார்கள். எசென்ஷியல் ட்ரெமர் சுருளில் கோடு பல் பல்லாக நெளியும். அந்த நெளிவு சுருள் முழுக்கப் பெரும்பாலும் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். பார்க்கின்சன் சுருள் சின்னதாக, வட்டங்கள் நெருங்கி ஒடுங்கியிருக்கும். எழுத்திலும் அப்படித்தான். பார்க்கின்சனில் வரி போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். எசென்ஷியல் ட்ரெமரில் எழுத்து பெரிதாகி நடுங்கும். நான் தமிழில்தான் எழுதச் சொல்வேன். ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சுழிகளில் பேனா திரும்புகிற இடத்தில் நடுக்கம் அப்பட்டமாகத் தெரியும். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் நாற்பது வருஷப் பழக்கத்தில் ஒரே இழுப்பில் இழுத்துவிடுவார்கள், ஒன்றும் தெரியாது.

தலையும் குரலும் அடுத்து. "ஆ..." என்று ஐந்து நொடி இழுக்கச் சொன்னால் குரலில் அலை தெரியலாம். தலை "வேண்டாம் வேண்டாம்" என்பது போலவோ "சரி சரி" என்பது போலவோ ஆடலாம். எசென்ஷியல் ட்ரெமரில் படுக்கவைத்துத் தலையைத் தாங்கினால் ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். படுத்தும் ஆடினால், கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருந்தால், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் ஆட்டம் நின்றால் டிஸ்டோனியாவைத் தேடுவோம். கையில் ஒன்றுமே இல்லாமல் தலை மட்டும் ஆடினாலும் அப்படியே. மோவாயோ உதடோ காலோ ஓய்வில் நடுங்கினால் பார்க்கின்சன் பக்கம் பார்வை திரும்பும்.

நடக்கவிட்டுப் பார்த்தது ஏன் என்பதை என் தவறு ஒன்றின் வழியாகச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்பு, கூட்டம் நிறைந்த ஒரு நாளில், ஐம்பத்தைந்து வயது மனிதர் ஒருவரைப் பார்த்தேன். நீட்டிய கையில் நல்ல நடுக்கம், அண்ணனுக்கும் இருந்தது. எசென்ஷியல் ட்ரெமர் என்று எழுதி, நடுக்கத்தைக் குறைக்கிற ப்ரொப்ரனலால் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். நடக்கவைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து அவர் வராந்தாவில் நடந்து வருவதைக் கதவு வழியாகப் பார்த்தேன். இடது கை வீசவில்லை; உடம்போடு ஒட்டிக்கிடந்தது, அதன் கட்டைவிரல் உருண்டுகொண்டிருந்தது. முதல் நாளே இருபதடி நடக்கவிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கலாம். அவருடைய ஒரு வருஷத்தை நான் வீணாக்கியது இன்னும் உறுத்துகிறது. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2006-ல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வில், எசென்ஷியல் ட்ரெமர் என்று சொல்லி அனுப்பப்பட்ட 71 பேரைத் திரும்பப் பரிசோதித்ததில் 26 பேருக்கு அந்த நோயே இல்லை என்று தெரியவந்தது. அவர்களில் பலருக்குப் பார்க்கின்சனோ டிஸ்டோனியாவோ இருந்தது. ஆகவே உங்கள் சந்தேகத்தில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தவறுகளைத் தடுப்பது பொறுமையாகச் செய்கிற பரிசோதனை.

அதனால்தான் விரலை வேகமாகத் தட்டச் சொல்லி, தட்டல் போகப் போகச் சுருங்குகிறதா என்று பார்ப்பதும், மணிக்கட்டைச் சுழற்றி இறுக்கம் தேடுவதும், சாம்பார் தாளிக்கிற வாசனை தெரிகிறதா என்று கேட்பதும். வாசனை தெரியாமல் போவது பார்க்கின்சனில் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே தொடங்கலாம். குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொல்வதும் உண்டு. அதில் லேசான தடுமாற்றமோ, கொஞ்சம் ஞாபகக் குறைவோ, ஓய்விலும் சிறிது நடுக்கமோ இருந்தால் 2018 வரையறை அதற்கு எசென்ஷியல் ட்ரெமர் ப்ளஸ் என்று தனிப் பெயர் கொடுத்திருக்கிறது. இந்தப் பிரிவு தேவைதானா என்று நிபுணர்களுக்குள் வாதம் ஓயவில்லை. என்னைப் பொறுத்தவரை, "இவரை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொண்டிரு" என்று எனக்கே எழுதிவைத்துக்கொள்கிற குறிப்பு அது.

நடுக்கத்தின் அளவுக்கும் மதிப்பெண் உண்டு. டெட்ராஸ் என்ற அளவுகோலில் ஒவ்வொரு கைக்கும் 0 முதல் 4 வரை போடுவோம். கை ஆடுகிற தூரம் 1 சென்டிமீட்டருக்கு மேல், 3-க்குள் என்றால் 2. 20 சென்டிமீட்டரை எட்டினால் 4. மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட இந்த எண் உதவும். ஆனால் எவ்வளவு மருந்து, எப்போது மருந்து என்பதை இந்த எண் தீர்மானிக்காது. ஒரு அம்மா வந்தார். டெட்ராஸில் இரண்டைத் தாண்டவில்லை. "புள்ளி நல்லா விழுது டாக்டர், புள்ளியச் சுத்தி கம்பி இழுக்கத்தான் வரல. மருமக தூங்கி எழறதுக்கு முன்னாடி கோலத்தைக் கால்ல அழிச்சிட்டு வந்துடறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு மருந்து தொடங்கினேன். கையை இதைவிடப் பெரிதாக ஆட்டிக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற ஒருவர், "எனக்கு இது ஒண்ணும் இடைஞ்சல் இல்ல, பார்க்கின்சன் இல்லன்னு தெரிஞ்சா போதும்" என்று மருந்தே வேண்டாமென்று போனார். இரண்டுமே சரி.

தைராய்டு டெஸ்ட் எழுதியது, தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும் என்பதால். அது மெல்லிய, வேகமான நடுக்கம். கூடவே எடை குறையும், படபடப்பு வரும். நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவராக இருந்தால் வில்சன் நோயை விலக்காமல் விடவே மாட்டோம். உடம்பில் செம்பு தேங்குகிற அந்த நோய், நேரத்தில் பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும், விட்டால் ஈரலையும் மூளையையும் கெடுக்கும். ரத்தத்தில் செம்பைச் சுமக்கிற செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று கண் பரிசோதனை, இவை அதற்குத்தான். உங்கள் அப்பாவின் வயதில் பொதுவாகத் தேவைப்படாது.

ஸ்கேன் எப்போது வேண்டும்? நடுக்கம் திடீரென்று வந்தால், ஒரு பக்கம் மட்டும் இருந்து கூடவே பலவீனமோ பேச்சுக் குழறலோ இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவை. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற நரம்புகளின் முனைகளைக் காட்டுகிற டாட் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. எசென்ஷியல் ட்ரெமரையும் பார்க்கின்சனையும் பிரிக்க உதவும் என்று அமெரிக்காவில் 2011-ல் அனுமதி தந்தார்கள். நம் நாட்டில் பெரிய மையங்களில் ட்ரோடாட் என்ற பெயரில் அதே வகை ஸ்கேன் செய்கிறார்கள். பார்க்கின்சனில் அந்த முனைகள் குறைவாகத் தெரியும். எசென்ஷியல் ட்ரெமரில் ஸ்கேன் இயல்பாக இருக்கும். ஆனால் டிஸ்டோனியா நடுக்கத்திலும் இயல்பாகத்தான் இருக்கும், மருந்தால் வருகிற நடுக்கத்திலும் பெரும்பாலும் அப்படியே. ஆக அதுவும் "இது எசென்ஷியல் ட்ரெமர்தான்" என்று சொல்லாது. பரிசோதனையில் இரண்டுங்கெட்டானாக இருக்கிறவருக்கு மட்டும் அதைக் கேட்பேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. அப்பாவுக்கு எப்போதாவது ஆஸ்துமாவோ வீசிங்கோ இருந்திருந்தால், சர்க்கரைக்கு ஊசி போடுகிறார் என்றால், நாடித் துடிப்பு இயல்பாகவே குறைவு என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதலில் கொடுக்கிற ப்ரொப்ரனலால் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வீட்டில் அவர் சாப்பிடுவதையும், டிவி பார்க்கும்போது கை மடியில் கிடப்பதையும், தெருவில் நடப்பதையும் அவருக்குத் தெரியாமல் இல்லை, சொல்லிவிட்டே, ஒவ்வொரு நிமிஷம் செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். பழைய செக் புத்தகத்திலோ பத்திரத்திலோ பத்து வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். வங்கியில் மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகப் பதிந்துகொள்ளக் கேளுங்கள். டாக்டரின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் பேச எளிதாக இருக்கும்.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி காட்டுங்கள். இடையில் நடை மெதுவானால், ஒரு கை வீசாமல் போனால், குரல் அமுங்கினால், சும்மா இருக்கும்போதே கை நடுங்க ஆரம்பித்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அன்று அப்பா வரைந்த சுருள் உங்களிடம் இருந்தால் மூலையில் தேதியும், எந்தக் கையால் வரைந்தது என்பதையும் எழுதி ஃபைலில் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை அதே அளவு தாளில், கையை ஊன்றாமல், இன்னொன்று வரையச் சொல்வார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு.